சுழலும் எடை: ஒரு கிராம் நான்கு கிராமா?

சேற்றுத்தடம்:
கிராஸ் கண்ட்ரி (மலைச் சைக்கிள் பந்தயம்) சக்கரங்களைப் பற்றி வேகவிரும்பி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சக்கரத்தில் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் ஃபிரேமில் நான்கு கிராம் குறைப்பதற்குச் சமம். பக்கச்சுவர் தடித்த டயரை வாங்குவது மடமை. கிடைப்பதிலேயே மெல்லியதைப் போடுங்கள்" என்கிறார். அதற்கு ஆளாளுக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

நான்கு எங்கிருந்து வந்தது? உருளும் சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் எடை முன்னால் நகரவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு ஆற்றல் செலவாகிறது. கூட்டினால் இரண்டு. அந்த முழு இரண்டும் டயரின் வெளி ஓரத்துக்கு மட்டுமே. டயர் உட்காரும் வளையமான ரிம் சற்று உள்ளே இருப்பதால் ஏறத்தாழ 1.7. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்கு ஒன்றை ஒட்டித்தான் வரும். அதுவும் வேகம் கூட்டும்போது மட்டுமே. சீரான வேகத்தில் மேடு ஏறுகிறவனுக்கு ஒரு கிராம் என்றால் ஒரு கிராம்தான்.

வேகவிரும்பி:
சைக்கிளைக் கால்கள்தான் மிதிக்கின்றன ஐயா, சூத்திரம் மிதிப்பதில்லை. 850 கிராம் டயரைக் கழற்றிவிட்டு 640 கிராம் டயரைப் போட்ட அன்று, முதல் மேட்டிலேயே சைக்கிள் கைக்கு முன்னால் ஓடியது. பதினோரு வருடமாகப் பந்தயம் ஓடுகிறேன். நான்கு என்றால் நான்குதான்.

சேற்றுத்தடம்:
பதினோரு வருடம் ஓடியவருக்குக் கூட்டல் தெரிய வேண்டாமா? உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு டயருக்கு 210 கிராம், இரண்டுக்கும் 420. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். அப்படியானால் மேட்டில் உங்களுக்குக் கிடைப்பது அரை சதவீதம். பத்து நிமிட ஏற்றத்தில் 3 விநாடி. இதைத்தான் "கைக்கு முன்னால் ஓடியது" என்கிறீர்கள். புது டயரின் ரப்பர் கலவையும், தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன்களின் அமைப்பும் வேறாக இருந்திருக்கும், உருளும் தடை குறைந்திருக்கும். அந்தப் பெருமையைத் தராசுக்குக் கொடுக்கிறீர்கள்.

மேட்டுப்பித்தன்:
சேற்றுத்தடம் அண்ணா, நேராக ஏறும் மேட்டை மட்டும் கணக்கில் எடுப்பது நியாயம் இல்லை. பந்தயத் தடத்தில் யார் சீரான வேகத்தில் போகிறார்கள்? வளைவுக்கு முன் பிரேக், வளைவு முடிந்ததும் எழுந்து நின்று மிதி. சுற்று முழுக்க இதுதான் வேலை. பிரேக் பிடித்தால் சக்கரத்தில் சேர்த்த ஆற்றல் சூடாகிப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

சேற்றுத்தடம்:
அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 25 வரை வேகம் கூட்டுகிறீர்கள். அந்த 420 கிராமுக்காகக் கூடுதலாகத் தேவைப்படுவது 17 ஜூல். 300 வாட் மிதிக்கிறவருக்கு அது 0.06 விநாடி வேலை. கண் இமைப்பதே இதைவிட நேரம் எடுக்கும்.

மேட்டுப்பித்தன்:
ஒரு சுற்றில் அப்படி 40 வளைவு, 6 சுற்று. பெருக்குங்கள்: 14 விநாடி. 2012 லண்டன் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வாங்கிய குல்ஹாவிக்கும் வெள்ளி வாங்கிய ஷுர்ட்டருக்கும் நடுவே இருந்தது 1 விநாடி. அங்கே போய் "14 விநாடி ஒன்றுமில்லை" என்று சொல்வீர்களா?

சேற்றுத்தடம்:
14 என்பது இரண்டால் பெருக்கி வந்த கணக்கு, தம்பி. வேகவிரும்பியின் நான்கைப் போட்டால் 28 ஆகியிருக்கும். ஆக நீங்களும் இரண்டைத்தான் ஒப்புக்கொள்கிறீர்கள்.

மேட்டுப்பித்தன்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைத் தம்பி என்று அழைக்கவும் வேண்டாம். என் வயது உங்களுக்குத் தெரியாது.

பழைய26:
லண்டனைப் பற்றிப் பேசுகிறவர்கள் முழுவதும் பேசுங்கள். குல்ஹாவி ஓட்டியது 29 அங்குலச் சக்கரம், ஷுர்ட்டர் ஓட்டியது 27.5. பெரிய ரிம், நீளமான ஸ்போக், பெரிய டயர் என்று எல்லாவற்றிலும் எடை கூடிய சக்கரம்தான் தங்கம் வாங்கியது. நான்கு மடங்குக் கணக்கு உண்மையென்றால் இது எப்படி நடந்தது? 2016 ரியோவில் ஷுர்ட்டரே 29-க்கு மாறித் தங்கம் வாங்கினார். நான் இன்னும் 26-தான் ஓட்டுகிறேன். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். என் சக்கரத்தின் விறைப்பு உங்கள் 29-இன் 622-க்கு வராது.

வேகவிரும்பி:
26-ஐ இங்கே இழுக்காதீர்கள். அதற்கு நல்ல டயர் கிடைப்பதே அரிது.

பழைய26:
கிடைக்காதது டயரின் குற்றமா, புதிது புதிதாக அளவு மாற்றி விற்றவர்களின் குற்றமா? பின்ஹப்பின் அகலத்தையும் 142 மில்லிமீட்டரிலிருந்து 148 ஆக்கினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் பின்சக்கரம் எந்தப் புது ஃபிரேமிலும் பொருந்தவில்லை.

கம்பிகட்டி:
148 வந்ததற்குக் காரணம் உண்டு. ஹப்பின் இரு விளிம்புகளும் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் விலகின. ஸ்போக் சாய்வு கூடியது, 29 அங்குலச் சக்கரத்தின் தள்ளாட்டம் குறைந்தது. சக்கரம் கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கோட்டம் எடுக்கும்போதே வித்தியாசம் தெரிகிறது.

எல்லோரிடமும் ஒரு கேள்வி. "சமம்" என்கிறீர்களே, எதில் சமம்? நேரத்திலா, ஆற்றலிலா, மிதிக்கும்போது கிடைக்கும் உணர்விலா? "டயர் எடை" என்பது வெறும் டயரா, ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலண்ட் திரவமும் சேர்த்தா?

வேகவிரும்பி:
சமம் என்றால் சமம். இதற்கு அகராதி வேண்டுமா? மிதி ஒரே சீராக விழுவதில்லை. ஒவ்வொரு மிதியும் ஒரு சின்ன முடுக்கம். நிமிடத்துக்கு நூற்றைம்பதுக்கு மேல் மிதிகள் விழுகின்றன. அத்தனையும் சேர்ந்தால் நான்கு வரும்.

சேற்றுத்தடம்:
வராது. மிதி விழும்போது சக்கரம் வாங்கிக்கொண்டதை, மிதி தளரும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பிரேக் பிடித்தால்தான் இழப்பு. இதைக் கரடியாகக் கத்தியும் உங்கள் காதில் ஏறவில்லை. நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே வேகவிரும்பி இதே நான்கைச் சொன்னார். நம்பி 600 கிராமுக்கும் குறைவான டயரைப் பின்னால் போட்டேன். இரண்டாம் சுற்றில், மழையில் கழுவப்பட்டு விளிம்பு கூர்மையாக நின்ற ஒரு பாறை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, "உஸ்" என்று ஒரு மூச்சு. இறங்கிப் பார்த்தால் பக்கச்சுவரில் கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு வெட்டு. நூலிழைகள் பிரிந்து நிற்கின்றன, வெள்ளைச் சீலண்ட் கொப்புளம் கொப்புளமாக வெளியே வந்து ஸ்போக் வழியே ஒழுகுகிறது. அடைப்புத் திரியை ஒன்றுக்கு இரண்டாகச் செருகினேன். பட்டன்கள் இருக்கும் பகுதியில் விழும் ஓட்டையில்தான் திரி நிற்கும். காகிதம் போன்ற பக்கச்சுவரில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். வளைவுக்கு 0.06 விநாடி என்று மிச்சம் பிடித்த எனக்குப் பந்தயமே போயிற்று.

வேகவிரும்பி:
அன்று டயரில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ வைத்திருந்தீர்கள்? 16 என்று நீங்களே பிறகு சொன்னீர்கள். 74 கிலோ ஆள் மெல்லிய டயரில் 16 வைத்துவிட்டு என்னைக் குறை சொல்கிறீர்கள். ஓட்டத் தெரியாதவன் பாதையைப் பழிக்கிறான்.

சேற்றுத்தடம்:
18. பதினாறு இல்லை, பதினெட்டு. அதுவும் பின்சக்கரத்தில். நான் சொல்லாத எண்ணை என் வாயில் திணிக்காதீர்கள்.

மேட்டுப்பித்தன்:
பதினாறு என்றுதான் எனக்கும் நினைவு.

சேற்றுத்தடம்:
நீங்கள் அந்தப் பந்தயத்திலேயே இல்லை.

புதுச்சங்கிலி:
வணக்கம். குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என் ரிம்மின் உள் அகலம் 25 மில்லிமீட்டர். அதில் 2.25 அங்குல டயர் போடலாமா, 2.4 போடலாமா?

கம்பிகட்டி:
25-க்கு 2.25 கச்சிதம். 2.4 உட்காரும், ஆனால் கழுத்து குறுகிய குடம் போல மேலே உப்பிக்கொண்டு நிற்கும். காற்றைக் குறைத்தால் வளைவில் மடிந்து சாயும். 2.4-ஐ அதன் வடிவத்தில் நிறுத்த 28 முதல் 30 வரை உள் அகலம் வேண்டும். முன்னால் பிடிப்பு கூடிய பட்டன், பின்னால் வேகமாக உருளும் பட்டன், முன்சக்கரத்தில் ஓரிரண்டு பிஎஸ்ஐ குறைவு. சீலண்ட் சில மாதங்களில் உலர்ந்துவிடும், திறந்து பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

வேகவிரும்பி:
பின்னால் மெல்லிய பக்கச்சுவர் உள்ளதையே வாங்குங்கள். நான்கு மடங்கு.

சேற்றுத்தடம்:
புதிதாக வந்தவரையும் நடக்க வைக்கப் பார்க்கிறீர்களா? புதுச்சங்கிலி, முதலில் பின்டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள், எடை பிறகு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் பந்தயத்தில் பிட்காக்குக்கே முன்சக்கரம் பஞ்சர் ஆனது.

மேட்டுப்பித்தன்:
ஆகியும் தங்கம் வாங்கினாரே!

சேற்றுத்தடம்:
வாங்கினார். உதவிப் பகுதியில் ஆள் நின்றார், மாற்றுச் சக்கரம் இருந்தது, ஓட்டியவர் பிட்காக். இந்த மூன்றில் உங்களிடம் எது இருக்கிறது?

பழைய26:
142 ஹப்பைப் பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கம்பிகட்டி:
நான் சொன்னேன். என் கேள்விக்குத்தான் யாரும் பதில் சொல்லவில்லை. எதில் சமம்?

வேகவிரும்பி:
அடுத்த ஞாயிறு அதே மேட்டில் இரண்டு டயரையும் மாற்றி மாற்றி ஓட்டி நேரத்தைப் போடுகிறேன். அப்போது பேசுங்கள்.

சேற்றுத்தடம்:
ஒரே காற்றழுத்தம், ஒரே பட்டன் அமைப்பு, ஒரே வாட். மூன்றையும் எழுதிவிட்டு ஓட்டுங்கள். அல்லது ஒரே டயரை வைத்துக்கொண்டு, 420 கிராமை உள்ளே ரிம் பட்டையில் சுற்றி ஒரு முறை, ஃபிரேமில் கட்டி ஒரு முறை ஓட்டுங்கள். நான்கா இரண்டா என்பது அதில் தெரியட்டும். அதுவரை அந்த நான்கை எழுதும் இடத்திலெல்லாம் நான் வந்து கேட்பேன். எங்கிருந்து வந்தது?

வேகவிரும்பி:
ரிம்மில் சுற்றினால் 1.7 என்று சொன்னது நீங்கள்தானே? இப்போது அதை வைத்து இரண்டை நிரூபிக்கச் சொல்கிறீர்கள்.

சேற்றுத்தடம்:
1.7 வந்தால் 1.7 என்று எழுதுங்கள். நான்கு வராது. அன்று நான் வைத்திருந்ததும் 18 பிஎஸ்ஐ.