செதுக்குத் தகடு வெட்ட எந்தக் கத்தரி இயந்திரம் ஏற்றது?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)
வணக்கம். செம்புத் தகட்டில் உளியால் செதுக்கி அச்செடுத்து வருகிறேன். 16 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டைப் பெரியதாக வாங்கி, 15க்கு 20 சென்டிமீட்டர் அளவில் நானே வெட்டிக்கொள்ள விரும்புகிறேன். மேசையில் பொருத்தும் கைப்பிடிக் கத்தரி போதுமா, காலால் மிதித்து வெட்டும் இயந்திரம்தான் வேண்டுமா? கைப்பிடிக் கத்தரியே 3 மில்லிமீட்டர் வரை வெட்டும் என்கிறார் கடைக்காரர்.

பதில் (கடலூர் முதுநகர்)
வெட்டும் என்பது உண்மைதான். அந்த அளவு பொதுவாக மைல்டு ஸ்டீலுக்குச் சொல்லப்படுவது. செம்பு அதைவிட மென்மையானது என்பதால் தடிமன் உங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. வெட்டும்போது தகட்டை முழு நீளத்துக்கும் அழுத்திப் பிடிக்கும் பட்டை இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கைப்பிடிக் கத்தரியில் பெரும்பாலும் அது இராது. கத்தியும் குட்டை என்றால் ஒரே விளிம்பை இரண்டு மூன்று முறையாக வெட்ட நேர்ந்து, நிறுத்திய இடமெல்லாம் ஒரு சிறு பல் விழும், தகடும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கியதைச் சுத்தியால் தட்டி நேராக்கிவிடலாம் என்று நம்பி நல்ல தகடொன்றைப் பாழாக்கியவன் நான்.

மிதி இயந்திரத்தில் மேசைமேல் தங்கும் துண்டு தட்டையாக இருக்கும், அதன் பிசிறும் (வெட்டு விளிம்பில் எழும் கூரிய துருத்தல்) அடிப்பக்கம் இறங்கும். கீழே விழும் துண்டுக்கோ பிசிறு மேல்முகத்தில் ஏறும். எனவே செதுக்கப்போகும் துண்டை மேசைப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் (அரியாங்குப்பம்)
மேலே சொன்னவை சரி. ஆனால் மாதம் நான்கைந்து தகட்டுக்காகப் பாதி அறையை அடைக்கும் இயந்திரத்தை வாங்குவானேன்? தகட்டு வேலை செய்யும் பட்டறையில் கூலி கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: வெட்டுமுன் மேசையையும் அழுத்துப் பட்டையையும் நீங்களே துடைத்துவிடுங்கள். ஒரு பட்டறையில் துடைக்காமல் வெட்டியதால் இரும்புத் துகள்கள் பட்டையின் கீழ் அழுந்தி, என் தகட்டின் முகத்தில் ஊசிக்குத்துப் போல் ஏழெட்டுக் குழிகள் விழுந்தன; அச்சில் ஒவ்வொன்றும் மையை வாங்கிக் கரும்புள்ளியாக வந்தது. சுரண்டி மெருகேற்ற இரண்டு நாள் போயிற்று.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. இப்போதைக்குப் பட்டறைக்கே போகிறேன். துத்தநாகத் தகட்டுக்கும் இதே வழிதானா?

பதில் (கடலூர் முதுநகர்)
அதற்கு இயந்திரமே வேண்டாம். பழைய ஹாக்ஸா பிளேடின் முனையைக் கொக்கி போல் தீட்டி, இரும்பு அளவுகோலை அண்டக்கொடுத்துப் பாதித் தடிமன் வரை கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து மடக்கினால் ஒடிந்துவிடும். செம்பு அவ்வளவு எளிதில் ஒடியாது. எதில் வெட்டினாலும் நான்கு விளிம்புகளையும் அரத்தால் சாய்வாகத் தேய்த்த பிறகே அச்சு இயந்திரத்தின் உருளைக்குள் விடுங்கள், இல்லையேல் முதல் அச்சிலேயே தாளும் அதன்மேல் விரிக்கும் கம்பளியும் கிழியும்.