ரொமாரியோவின் ஆயிரத்தில் ஜூனியர் கோலும் சேர்த்தியா?

பழைய_ஜெர்சி:
"பெலேவைப் போலவே பிரேசில் கால்பந்து வீரர் ரொமாரியோவும் ஆயிரம் கோல் அடித்தவர்" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2007 மே 20, சாவோ ஜனுவாரியோ மைதானம், ஸ்போர்ட் ரெசிஃபி அணிக்கு எதிராக அவருடைய வாஸ்கோ அணியின் ஆட்டம், பெனால்டி. 41 வயதில் அடித்தார், ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கொண்டாடினார்கள், எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கில் ஜூனியர் அணிக் கோலும் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவில் நானும் இருநூறு அடித்தவன்தான்.

பதினோராம்_நம்பர்:
அந்த மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். பெலேயின் ஆயிரமாவது கோல் 1969 நவம்பர் 19, மரக்கானாவில். அதுவும் பெனால்டிதான், அதுவும் வாஸ்கோவுக்கு எதிராக. அவர் கணக்கில் நட்பு ஆட்டங்கள் இல்லையா? ராணுவ அணிக்கு அடித்ததுகூட உண்டே. அங்கே வாயை மூடிக்கொண்டு இங்கே மட்டும் கால்குலேட்டரைத் தூக்கினால் எப்படி?

பழைய_ஜெர்சி:
ராணுவத்தில் இருப்பவர்கள் மீசை முளைத்தவர்கள் ஐயா. நான் கேட்டது ஜூனியர் கோல்.

மாட்டுவால்_மணி:
ஆயிரமோ தொள்ளாயிரமோ, விடுங்கள். 1993-94இல் பார்சிலோனாவுக்கு லீகில் 33 ஆட்டம், 30 கோல். ரியல் மாட்ரிட்டை 5-0 என்று நொறுக்கிய அன்று ஹாட்ரிக். அதில் முதல் கோலைப் பாருங்கள்: கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், பந்து காலோடு ஒட்டியபடி அரைவட்டம் சுற்றுகிறது, மாட்ரிட் தடுப்பாளர் அல்கோர்ட்டா திரும்புவதற்குள் ஆள் தாண்டிவிட்டார். ஸ்பெயின்காரர்கள் அதற்கு 'மாட்டு வால்' என்றே பெயர் வைத்தார்கள்.

பழைய_ஜெர்சி:
அதே வருஷம் ஏதென்ஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பார்சிலோனா மிலானிடம் 0-4. அன்று வால் எங்கே போயிருந்தது? அப்புறம், அந்த முப்பதில் ஒன்றுகூட ஜூனியர் கோல் இல்லை. அதனால்தான் அதை நான் மதிக்கிறேன்.

பதினோராம்_நம்பர்:
1993 செப்டம்பரில் உருகுவேயிடம் தோற்றால் பிரேசில் உலகக் கோப்பைக்கே போக முடியாது என்ற நிலை. ஒதுக்கி வைத்திருந்தவரைப் பயிற்சியாளர் பரேரா கடைசி நேரத்தில் கூப்பிட்டார். 2-0, இரண்டும் ரொமாரியோ. அடுத்த வருஷம் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 5 கோல், சிறந்த வீரருக்கான தங்கப் பந்து. அரையிறுதியில் ஸ்வீடனின் நெட்டைத் தடுப்பாளர்களுக்கு நடுவே 168 சென்டிமீட்டர் ஆள் தலையால் அடித்தார். தெருவில் இருநூறு அடித்தவருக்கு இதெல்லாம் சாதாரணம்தான்.

சும்மா_பார்ப்பவன்:
1998இல் காயம் என்று பயிற்சியாளர் ஜகாலோ உலகக் கோப்பை அணியிலிருந்து கழற்றிவிட்டதும் கேமரா முன்னால் தேம்பி அழுதாரே, அவர்தானே? பிறகு தன் மதுக்கடையின் கழிப்பறைக் கதவில் ஜகாலோவையும் அணி ஒருங்கிணைப்பாளர் ஜீக்கோவையும் கேலிச்சித்திரமாக வரைய வைத்து, வழக்கு வரை போனது. பெரிய மனுஷன் செய்கிற வேலையா?

மாட்டுவால்_மணி:
ஜகாலோ செய்தது மட்டும் நியாயமா? காயம் ஆறும்வரை பொறுத்திருந்தால் என்ன?

சும்மா_பார்ப்பவன்:
நியாயம் பேச நீங்களா? போன மாதம் ஆஃப்சைடு திரியில் என்னைக் குருடன் என்றவர்தானே?

மாட்டுவால்_மணி:
அது ஆஃப்சைடு இல்லை. இன்றும் சொல்வேன்.

பழைய_ஜெர்சி:
இருவரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள். நான் கேட்டது ஒன்று, வருவது வேறு. "பெலே வாய் திறக்காதவரை கவிஞர்" என்று நக்கலடித்தவர் ரொமாரியோ. ஆயிரம் என்று வரும்போது மட்டும் அதே பெலேயின் பக்கத்தில் நாற்காலி வேண்டும். இன்னொரு பிரேசில் வீரர் துலியோ மரவில்லாவும்தான் ஆயிரம் அடித்தேன் என்றார். அவருக்கும் ஒரு நாற்காலி போடலாமா?

பதினோராம்_நம்பர்:
துலியோவையும் இவரையும் ஒரே தட்டில் வைக்கிறவரிடம் என்ன பேச! 2005இல் 39 வயதில் 22 கோலோடு பிரேசில் லீகில் முதலிடம். அதுவும் ஜூனியர் லீக் என்பீர்களா?

பழைய_ஜெர்சி:
என்னதான் சுற்றினாலும் கேள்வி அதேதான். ஜூனியர் கோல் சேர்த்தியா, இல்லையா? ஒரே சொல்லில் பதில்.

பதினோராம்_நம்பர்:
வேலைக்குக் கிளம்புகிறேன். ராத்திரி பெலேயின் முழுப் பட்டியலோடு வருகிறேன்.

பழைய_ஜெர்சி:
வரும்போது அந்த ஜூனியர் பட்டியலையும் எடுத்து வாருங்கள்.