புதுப்பிப்பு: இரணைமடு வெயிலும் ஸ்கானரும்

இரணைமடுக் குளக்கட்டிலை மத்தியானம் பிலிமிலை படம் எடுத்தால், அதை ஸ்கான் பண்ணேக்கை வானம் வெளிறுது, வடலி நிழல் கறுத்துப்போகுது, என்ன செய்யலாமெண்டு முந்திக் கேட்டிருந்தன். இப்ப சரிவந்திட்டுது.

எச்பி5 பிளஸ் எண்ட கறுப்பு வெள்ளைப் பிலிமை, கமெராவிலை ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400க்குப் பதிலா 200 எண்டு வைச்சு, வெளிச்சத்தைக் கூட விட்டு எடுத்தன். நிழலுக்கை மட்டையின்ரை கருக்குக்கூடத் தெரியுது.

பிலிமைக் கழுவிற டி-76 டெவலப்பரை ஒண்டுக்கு ஒண்டு தண்ணி கலந்தால், வழமையா 20 பாகை செல்சியஸிலை 11 நிமிஷம். எங்கட கிணத்துத் தண்ணியிலை 20 எங்க வரப்போகுது? போத்தலை ஐஸ் தண்ணிக்கை வைச்சு 24க்கு இறக்கினன். அதுக்கு ஏறக்குறைய 8 நிமிஷம். அதிலையும் ஆறிலொரு பங்கு குறைச்சன். நெகட்டிவ் கறுப்பு வெள்ளை வித்தியாசம் (கொன்ட்ராஸ்ற்) குறைஞ்சு சப்பெண்டுதான் இருக்கும், பயப்பிடாதேங்கோ. நெகட்டிவிலை வானம் அளவுக்குமிஞ்சி அடர்ந்து கறுத்தால் ஸ்கானரின்ரை வெளிச்சம் ஊடுருவேலாது. கொன்ட்ராஸ்ற்றை ஸ்கான் பண்ணின பிறகு கூட்டலாம்.

ஸ்கானரிலை தூசி நீக்கிற இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) வசதியை மட்டும் நிப்பாட்டுங்கோ. பிலிமிலை படமா இருக்கிற வெள்ளியையும் தூசியெண்டு நினைச்சுப் படத்தைக் கெடுத்துப்போடும்.