முன்பக்கம் அடிபட்டு ரிப்பேர் ஆன கார் மாதிரி தெரிகிறது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். எடுக்கலாமா?

வடுவூர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் வடுவூர் எனக்கு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருப்பதால் கார் பார்ப்பது, பேரம் பேசுவது எல்லாமே என் பொறுப்பு. மாமியாரை மாதம் இரண்டு தடவை தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மூட்டுவலியோடு பஸ் படி ஏற அவர்களால் முடியவில்லை. அதற்காகத்தான் இந்த வண்டி.

தஞ்சாவூரில் ஒரு பழைய கார் கடையில் பார்த்தேன். 2019 மாடல், வெள்ளை, சின்ன கார், முன்னால் இரண்டு ஏர்பேக், சென்னை ரிஜிஸ்ட்ரேஷன், இரண்டாவது ஓனர், 48,000 கிலோமீட்டர். 4 லட்சத்து 65 ஆயிரம் சொல்லி, 4 லட்சத்து 40க்கு இறங்கி வந்தார். மற்ற இடங்களில் இதே மாடல் 5 லட்சத்துக்குக் குறைந்து இல்லை. கை விட்டுப் போய்விடுமோ என்று 10,000 அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போனில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மனது உறுத்த ஆரம்பித்தது. பானெட்டுக்கும் வலது ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடு) நடுவில் என் சுண்டுவிரல் நுழையும். இடது பக்கம் தீக்குச்சிகூட நுழையாது. வலது ஹெட்லைட் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கிறது, இடது மஞ்சள் பூத்திருக்கிறது. போன் பண்ணிக் கேட்டேன். "சின்ன டச்சிங்மா, பார்க்கிங்ல இடிச்சது" என்றார்.

நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், போன வருடம் தை மாதம் என் தம்பி இரவில் ரோட்டில் காயப்போட்டு மூடியிருந்த நெல் குவியலில் ஏறிவிட்டான். சுற்றிக் கல் வைத்திருந்தார்கள், மேலே கறுப்புத் தார்ப்பாய், எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டி சுழன்று புளியமரத்தில் மோதியது. பெல்ட் போட்டிருந்தான், ஏர்பேக் வெடித்தது, நெஞ்சில் கன்றிப்போனதோடு எழுந்து வந்தான். அந்த இரண்டும் இல்லாத வண்டியாக இருந்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை. ரிப்பேர் பண்ணின வண்டியில் அது இரண்டும் வேலை செய்யுமா? எப்படித் தெரிந்துகொள்வது?

நீடாமங்கலத்தான்:

டீச்சர், ரொம்பப் பயப்படாதீங்க. நான் ஓட்டுறதே அடிபட்ட வண்டிதான், நாலு வருஷம் ஆச்சு, வேளாங்கண்ணி, திருநள்ளாறு, கொடைக்கானல் எல்லாம் போய்ட்டு வந்தாச்சு. ஒரு பிரச்சினையும் இல்லை. பழைய வண்டின்னா ஒரு கீறல் ஒரு இடி இல்லாம கிடைக்காது. இன்னும் ஒரு முப்பதாயிரம் குறைக்கச் சொல்லி எடுத்துடுங்க.

குடந்தை பட்டறைக்காரர்:

டீச்சர், நான் கும்பகோணத்துல 31 வருஷமா டிங்கரிங் பட்டறை வெச்சிருக்கேன். நீடாமங்கலத்துத் தம்பி சொல்றதுல பாதி சரி. கதவு, ஃபெண்டர், பானெட், பம்பர் இதெல்லாம் போல்ட்டுல மாட்டுறது. சட்டை மாதிரி. கிழிஞ்சா வேற போட்டுக்கலாம், உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. வெல்டிங்ல சேர்ந்து நிக்கிறதுதான் உடம்பு. முன்னால ரெண்டு பக்கமும் இன்ஜினைத் தாங்குற சைடு மெம்பர், அதுக்கு மேல இன்ஜினுக்குப் பக்கவாட்டுத் தகடான ஆப்ரான், கண்ணாடி ஓரத்துத் தூண், நடுத்தூண், அடித்தளம். அடி இதுவரைக்கும் போச்சாங்கறதுதான் கேள்வி. அடிபட்ட வண்டியா இல்லையாங்கறது இல்ல.

ஒரு விஷயம் சொல்றேன், இதை இதுவரைக்கும் எங்கேயும் எழுதினது இல்ல. 2014ல ஒரு வண்டி பட்டறைக்கு வந்துச்சு. புளியமரத்துல மோதி வலது சைடு மெம்பர் வளைஞ்சு கிடந்துச்சு. கம்பெனி முறைப்படி பார்த்தா அதை அளவு பெஞ்சுல ஏத்தி, கெட்ட பாகத்தை அறுத்து, புதுசை அதே இடத்துல அதே மாதிரி ஸ்பாட் வெல்டிங் போடணும். கொண்டுவந்த ஆளு விக்கிறதுக்குத்தான் ரெடி பண்றேன், செலவு ஆகக்கூடாதுன்னாரு. காஸ் வெச்சுப் பழுக்கக் காய்ச்சி, சங்கிலி போட்டு இழுத்து, தட்டி நேராக்கி, மேல பள்ளத்தை நிரப்புற பட்டி வெச்சு பெயின்ட் அடிச்சுக் குடுத்தேன். பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி போச்சு. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

மூணு வருஷம் கழிச்சு அதே வண்டியை வேற ஒருத்தர் கட்டி இழுத்துக்கிட்டு வந்தாரு. பாபநாசம் தாண்டி மாட்டுக்கு ஒதுங்கப்போய் வாய்க்கால் பாலத்துச் சுவர்ல இடிச்சிருக்கு. பெரிய வேகம் இல்ல. பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். சைடு மெம்பர்ங்கறது விசிறி மாதிரி முன்னாலேர்ந்து மடிஞ்சு மடிஞ்சு அடியை வாங்கிக்கணும், அதுக்காகவே அதுல வரி வரியா பள்ளம் வெச்சிருப்பாங்க. இது அப்படி மடியல. நான் காய்ச்சின இடத்துல, சரியா அந்த நாலு விரல் அகலத்துல, முருங்கைக் கிளை மாதிரி ஒடிஞ்சு இருந்துச்சு. முன்பக்கம் மொத்தமும் உள்ள தள்ளி, பிரேக் பெடல் ஓட்டினவர் காலைப் பிடிச்சுக்கிச்சு. கணுக்கால்ல தகடு வெச்சாங்க, உசுரு தப்பிச்சுது. என் வேலை எனக்குத் தெரியாதா? அவர்கிட்ட நான்தான் பண்ணினேன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து சைடு மெம்பரைக் காய்ச்சி நிமித்துற வேலைக்கு நான் கை வைக்கிறது இல்ல.

அதனால கேக்குறீங்கன்னு சொல்றேன். இப்போ வர்ற வண்டியில நடுத்தூணெல்லாம் சாதா தகடு இல்ல, ரொம்ப உறுதியான இரும்பு. சூடு காட்டினா அந்த உறுதி போயிடும். வெளிய எதுவும் தெரியாது.

நாளைக்கே போங்க, வெயில்ல வண்டியை வெளிய எடுக்கச் சொல்லுங்க. பானெட்டைத் திறந்து ஃபெண்டரைப் பிடிச்சிருக்கற போல்ட் தலைகளைப் பாருங்க. கம்பெனியில போல்ட்டோட சேர்த்துத்தான் பெயின்ட் ஆகும். ஸ்பானர் பட்டிருந்தா மூலையில பெயின்ட் உரிஞ்சிருக்கும். அது மட்டும்னா பயம் இல்ல, ஃபெண்டர் மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். அடுத்தது ஆப்ரான் ஓரத்துல ஸ்பாட் வெல்டிங் குழி. அம்மைத் தழும்பு மாதிரி வட்டமா, ஒரே இடைவெளியில வரிசையா இருக்கணும். வலது பக்கம் பார்த்துட்டு இடது பக்கம் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் குழியே இல்லாம வழவழன்னு இருந்தாலோ, கையால போட்ட வெல்டிங் நூல் மாதிரி ஓடினாலோ, ரெண்டு தகடு சேர்ற இடத்துல பூசுற சீலர் திட்டுத்திட்டா அப்பியிருந்தாலோ, அறுத்து ஒட்டினதுன்னு வெச்சுக்குங்க. கதவைத் திறந்து ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கையால இழுத்தா கழண்டு வரும், அதுக்குள்ளயும் இதே குழிகள் இருக்கும். பார்த்துட்டு அமுக்கி விட்டுடலாம். யாரும் தடுக்க முடியாது. தடுத்தாங்கன்னா அதுவே பதில்.

பெயின்ட் கனம் பார்க்கற மீட்டர் யார்கிட்டயாவது இருந்தா வாங்கிட்டுப் போங்க. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80லேர்ந்து 150 மைக்ரானுக்குள்ள நிக்கும். மறுபடி அடிச்சிருந்தா 200, 300 காட்டும். ஆயிரத்தைத் தாண்டினா உள்ள பட்டி. கதவுல பட்டி இருந்தா விலையைக் குறைங்க. தூண்ல பட்டி இருந்தா கிளம்பி வந்துடுங்க.

இனி பெல்ட். இதைப் பலபேர் பார்க்கறதே இல்ல. டிரைவர் சீட் பெல்ட்டை முழுசா கடைசி வரைக்கும் இழுங்க. அடியில ஒரு லேபிள் தைச்சிருப்பாங்க, தயாரிச்ச தேதி பெரும்பாலும் அதுலயே இருக்கும். வண்டி வருஷத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. அப்புறம் தோள் உயரத்துல வளையத்துக்குள்ள போற இடத்துல பட்டையை விரலால தடவுங்க. பெரிய இடியில ஆளோட கனம் முழுக்க அந்த இடத்துல விழுந்து, உரசின சூட்டுல நூல் உருகி, ஒரு விரல் அகலத்துக்கு பளபளன்னு கோடு விழுந்திருக்கும். சொரசொரப்பா இருக்க வேண்டிய பட்டை அங்க மட்டும் வழுக்கும். அப்படி இருந்தா அந்த பெல்ட் ஒரு தடவை உசுரைக் காப்பாத்தி முடிச்ச பெல்ட். அதுல சின்ன வெடிமருந்து வெச்சு இழுத்துப் பிடிக்கிற அமைப்பு இருந்தா அதுவும் ஒரு தடவைக்குத்தான். மாத்தியே ஆகணும்.

ஏர்பேக்குக்கு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினதும் சிவப்பு விளக்கு எரிஞ்சு சில நொடியில அணையணும். எரிஞ்சுகிட்டே இருந்தா கோளாறு. எரியவே இல்லைன்னா அதைவிடக் கோளாறு, யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம். இன்னொரு ஏமாத்து வேலை, பை இருக்க வேண்டிய ஒயர்ல ஒரு சின்ன ரெசிஸ்டரை சொருகிடுவாங்க. வண்டியோட மூளை பை இருக்குன்னு நம்பி விளக்கை அணைச்சிடும். அதனால விளக்கை மட்டும் நம்பாம, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல குடுத்து உள்ள பை இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. நீங்களா ஸ்டீயரிங் மூடியை நோண்டாதீங்க, தவறி வெடிச்சா முகத்துல அடிக்கும்.

நீடாமங்கலத்தான்:

அண்ணே, பெல்ட் விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. இப்பவே போய் இழுத்துப் பார்க்கிறேன். டீச்சர், நான் முதல்ல சொன்னதை விட்டுடுங்க.

சர்வேயர், தஞ்சை:

மேடம், நான் வாகன இன்சூரன்ஸ் சர்வே வேலையில் இருப்பவன். இரும்பைப் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். விபத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஆகவே "ஆன்லைனில் கிளீனாக இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பழைய பாலிசிகளைக் கேளுங்கள். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். சொந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும். இந்த போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. இரண்டாவது ஓனரின் பாலிசியில் பூஜ்யம் இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதல் ஓனர் பெயரில் இருந்த பாலிசிகள்தான் உங்களுக்கு வேண்டும். 35இல் இருந்தது திடீரென்று பூஜ்யத்துக்கு வந்திருந்தால், பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போகாத பட்சத்தில், கிளெய்ம் நடந்திருக்கிறது.

கிளெய்ம் நடந்தது கெட்ட செய்தி என்று நினைக்க வேண்டாம். கிளெய்மில் கம்பெனி பட்டறையில் செய்த வேலைக்கு பில் இருக்கும். எந்தெந்த பாகம் புதிது என்று வரிவரியாக இருக்கும், ஏர்பேக் வாங்கியிருந்தால் அதுவும் இருக்கும். நான் அஞ்சுவது பில்லே இல்லாத வண்டிக்கு. ரிப்பேர் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் டோட்டல் லாஸ் என்று எழுதுவோம். 8 லட்ச ரூபாய் வண்டிக்கு இரண்டு வயது முடிந்து மூன்று முடிவதற்குள் ஐடிவி 30 சதவீதக் கழிவு போக 5 லட்சத்து 60 ஆயிரம். ஆக, 4 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டும் சேதம். ஓனருக்குப் பணம் போய்விடும், உடைந்த வண்டி ஏலத்தில் போகும். ஆர்சி ரத்தாகாமல் கைமாறினால், அதைக் குறைந்த செலவில் கட்டி எழுப்பி வேறு மாவட்டத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை வண்டி தஞ்சாவூரில் சந்தை விலையைவிடக் குறைவாக நிற்கிறது என்றால், காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

வடுவூர் டீச்சர்:

சனிக்கிழமை போய் வந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் டிராக்டர் மெக்கானிக், அவரையும் கூட்டிப்போனேன்.

ஆப்ரானில் இடது பக்கம் குழிகள் வரிசையாக இருந்தன. வலது பக்கம் கறுப்பு பெயின்ட் அப்பி, ஒரு குழியும் இல்லை. சாவியைத் திருப்பினேன். ஆயில் விளக்கு, பேட்டரி விளக்கு எல்லாம் வந்தன, ஏர்பேக் விளக்கு வரவே இல்லை. ஐந்து தடவை திருப்பினேன். "பல்ப் போயிருக்கும்மா, மாத்தித் தரேன்" என்றார்.

டிரைவர் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். லேபிளைக் கத்தரித்திருக்கிறார்கள், தையல் நூல் மட்டும் தொங்குகிறது. தோள் பக்கம் விரலை வைத்ததும், அண்ணே, நீங்கள் சொன்ன அதே பளபளப்பு. வழுக்கியது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்று தோன்றியது, கையை எடுத்துவிட்டேன். அவர் எப்படி இருக்கிறாரோ.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "விபத்தில் அடிபடாத வண்டி என்று எழுதித் தருகிறீர்களா?" என்று கேட்டதற்கு எழுதித்தர மறுத்துவிட்டார். அட்வான்ஸ் திரும்ப வராது, வேறு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?

சர்வேயர், தஞ்சை:

ரசீது நகல், நீங்கள் எடுத்த படங்கள், ஏர்பேக் விளக்கு வராத வீடியோ இருந்தால் அதுவும் சேர்த்து, வண்டியின் நிலையை மறைத்ததால் பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 15 நாள் கெடு வையுங்கள். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. பெரும்பாலும் கடிதத்தோடு முடிந்துவிடும்.

குடந்தை பட்டறைக்காரர்:

நல்லா பார்த்தீங்க டீச்சர். அடுத்த வண்டி பார்க்கப் போறப்ப ஞாயித்துக்கிழமையா இருந்தா சொல்லுங்க, நானே தஞ்சாவூர் வந்து பார்த்துத் தரேன். காசெல்லாம் வேண்டாம். வலது பக்கம் சைடு மெம்பர்ல என்ன பண்ணியிருக்காங்கன்னு நினைச்சு ராத்திரி தூக்கம் வரல.

வடுவூர் டீச்சர்:

சர்வேயர் சார், கடிதம் போன ஆறாம் நாள் 10,000 திரும்ப வந்துவிட்டது. மிக்க நன்றி. வாங்கப் போனபோது அந்த வெள்ளை வண்டி கடையில் இல்லை. விற்றுவிட்டதாம். யாருக்கு என்று கேட்டேன், பட்டுக்கோட்டைப் பக்கம் என்று மட்டும் சொன்னார்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம் பக்கம் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊரில் புதிதாக ஒரு 2019 வெள்ளைக் கார் வந்திருக்கிறதா, பானெட் வலது ஓரத்தில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா, டிரைவர் பெல்ட்டில் லேபிள் இல்லாமல் நூல் தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த வண்டியை ஓட்டுவதற்கு முன்னால் பெல்ட்டையும் ஏர்பேக்கையும் மாற்றச் சொல்லுங்கள். அந்த முன்பக்கத்தையும் நல்ல பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள்.