வசதியும் வேணும், பக்கமும் சட்டுனு திறக்கணும்: நீங்க பார்த்த பிளாக்குகள் (வாசகர்கள் ஊர்ப் பேரைப் புனைபேரா வச்சு எழுதினது)

பாகூர் ஏரி:
ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி, 2024 நவம்பர் 30. புதுச்சேரி மழை நிலவரம் எழுதுற ஒரு பிளாக். தலைப்புப் பட்டை வந்துடுச்சு, மெனு வந்துடுச்சு, செய்தி இருக்கற இடம் மட்டும் வெள்ளையா நிக்குது. அந்த வெள்ளையில விரலை அழுத்திப் பிடிச்சா எழுத்து செலக்ட் ஆகுது! அதாவது செய்தி போனுக்குள்ள வந்து சேர்ந்தாச்சு, அலங்கார ஃபான்ட் (எழுத்துரு) வரட்டும்னு பிரவுசர் அதை மறைச்சு வச்சிருக்கு. குரோம் 3 விநாடி வரைக்கும் அப்படிக் காத்திருக்கும்.

பக்கத்தோட கோடுல ஃபான்ட்-டிஸ்பிளேங்கற அமைப்பை ‘ஸ்வாப்’னு வச்சா எழுத்து உடனே போன் ஃபான்ட்ல தெரியும். ஆனா தமிழ் ஃபான்ட்டுக்கு ஃபான்ட் அகலம் நிறைய மாறும், அதனால ஃபான்ட் வந்து இறங்கும்போது பத்தியே குதிக்கும். கட்டுரை உடம்புக்குப் போன்ல ஏற்கெனவே இருக்கற தமிழ் ஃபான்ட்டே போதும்: ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோன்ல தமிழ் சங்கம். அலங்காரம் வேணும்னா தலைப்புக்கு மட்டும், ஒரே தடிமன்ல, வோஃப்2 (சுருக்கின ஃபான்ட் வடிவம்) கோப்பா, சொந்த சர்வர்ல இருந்து.

தேவனாம்பட்டினம்:
கடலூர் மீன் சமையல் பிளாக் ஒண்ணு. வஞ்சிரம் குழம்புக்கு ‘அளவுகள்’னு ஒரு லிங்க். அதைத் தொடப் போற நேரத்துல மேல விளம்பரம் வந்து உட்கார்ந்து, லிங்க் கீழே நகர்ந்து, விரல் விளம்பரத்து மேல விழுந்துச்சு. அந்த லிங்க் ரொம்ப நல்ல வசதி. அதுக்கு மேல இருந்த விளம்பரப் பெட்டிக்கு உயரம் ஒதுக்காததுதான் கோளாறு. 300க்கு 250 விளம்பரம்னா பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரம் 250 பிக்சல்னு முன்னாடியே எழுதணும். விளம்பரம் வரலைன்னாலும் அந்த இடம் காலியா இருக்கட்டும், மூடினா மறுபடி குதிக்கும். படத்துக்கும் இதேதான், அகலமும் உயரமும் குறிக்காம விடக்கூடாது. இந்தக் குதிப்பு மதிப்பெண் (சிஎல்எஸ்) 0.1-க்குள்ள இருக்கணும்.

முத்தியால்பேட்டை:
பாகூர் ஏரி, ஃபான்ட் விஷயம் சரிதான். ஆனா அதே மழை பிளாக்ல ராடார் மேப் ஒண்ணும் யூடியூப் வீடியோ நாலும் பதிச்சிருந்தாங்களே, அதை விட்டுட்டீங்க. ஒரு வீடியோவைப் பதிச்சாலே அரை எம்பிக்குக் குறையாம ஸ்கிரிப்ட் இறங்கும், யாரும் பிளேயைத் தொடாட்டியும். அதுக்காக வீடியோவையே நீக்கணும்னு இல்லை. முகப்புப் படத்தையும் ஒரு பிளே பொத்தானையும் வச்சு, தொட்டதும் உண்மையான பிளேயர் வர்ற மாதிரி செய்யணும். சில போன்ல ரெண்டு தடவை தட்ட வேண்டிவரும், பரவாயில்லை. மேப்புக்கும் அதே வழி.

இதைவிடப் பெரிய கோளாறை ‘வேக பிளகின்’ (வேகத்துக்குன்னு சேர்க்கற துணை மென்பொருள்) போட்ட பிளாக்குகள்ல பார்க்கலாம். பிளாக் நடத்துற மென்பொருளான வேர்ட்பிரஸ், 5.5 (2020) வந்ததுலேர்ந்து படங்களைத் தானாவே சோம்பேறி லோடிங்ல போடுது, அதாவது வாசகர் உருட்டிக்கிட்டு பக்கத்துல வரும்போதுதான் படம் இறங்கும். கட்டுரையோட முதல் படத்தை அதுல சேர்க்கக்கூடாதுன்னு 5.9-ல திருத்தினாங்க, 6.3-ல அந்தப் படத்துக்கு முன்னுரிமையே கொடுத்தாங்க. பிளகின் வந்து அதையெல்லாம் கலைச்சு, முதல் படத்தோட முகவரியையும் பிரவுசர் பார்க்காத வேற அட்ரிபியூட்ல (கோடுல இருக்கற குறிப்பு) ஒளிச்சு வைக்குது. ஸ்கிரிப்ட் ஓடின பிறகுதான் அப்படி ஒரு படம் இருக்கறதே பிரவுசருக்குத் தெரியும். பெரிய படம் 2.5 விநாடிக்குள்ள தெரியணும்கற எல்சிபி கணக்கு அங்கேயே கெட்டுப்போகும். பிளகின் செட்டிங்ல ‘முதல் படத்தை விலக்கு’ன்னு ஒரு இடம் இருக்கும், அதுல 1 போடுங்க. படத்தை 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (எடை குறைஞ்ச பட வடிவம்) ஆக்குங்க, பெரும்பாலும் 100 கேபி பக்கம்தான் வரும். போன் கேமரால எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏத்தாதீங்க. ஷேர் பொத்தானுக்கு ஸ்கிரிப்டே வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு ஒரு சாதா லிங்க் போதும். வேற நிறுவனம் தர்ற வெளியாள் கருத்துப் பெட்டியை மொத்தமா எடுத்துடுங்க.

மஞ்சக்குப்பம்:
கடைசி வரியை ஒத்துக்க முடியாது. உள்ளூர் வரலாறு எழுதுற பிளாக்ல பாதி விஷயம் கருத்துகள்லதான் இருக்கு. திருப்பாதிரிப்புலியூர் பத்தின பதிவுக்குக் கீழே பெரியவங்க வந்து எழுதுற தெரு விவரம் வேற எங்கயும் கிடைக்காது. வெளியாள் பெட்டி கனமா இருந்தா வேர்ட்பிரஸோட சொந்தக் கருத்துப் பகுதிக்கு மாத்துங்க. அது வெறும் எழுத்து. தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் யுடிஎஃப்-8ல (எழுத்தைச் சேமிக்கற முறை) 3 பைட் எடுக்கும், ஆனா சர்வர்ல பிராட்லியோ ஜிஜிப்போங்கற சுருக்கு முறையைப் போட்டா நல்லா சுருங்கிடும். கருத்துக்குப் பக்கத்துல வர்ற முகப்படங்கள்தான் பாரம், அதை அணைச்சுடலாம். 50 கருத்துக்கு ஒரு பக்கம்னு பிரிச்சுடலாம்.

கேஷ் (தயாரா எடுத்து வச்ச பக்க நகல்) போட்ட பிளாக்ல இன்னொண்ணு கவனிக்கணும். புதுக் கருத்து வந்ததும் அந்தப் பதிவோட கேஷ் மட்டும் அழியணும். இல்லைன்னா பழைய பக்கமே வரும், எழுதினவர் ‘போகலை போல’ன்னு அதையே மறுபடி போடுவார்.

அரியாங்குப்பம்:
கூகுளோட வேகச் சோதனையில மதிப்பெண் 100 வந்துடுச்சுன்னு நிம்மதியா இருக்கற பிளாக்குகளும் உண்டு. அந்தச் சோதனை பொத்தானைத் தொட்டுப் பார்க்கறதில்லை. தொட்டதுக்கு 200 மில்லிவிநாடிக்குள்ள பதில் வரணும்கற ஐஎன்பி அளவு 2024 மார்ச்ல கூகுளோட முக்கிய அளவுகள்ல சேர்ந்தது, அது நிஜ வாசகர் போன்லேர்ந்து வர்ற கணக்கு. சின்ன பிளாக்குக்கு அந்தக் கணக்கே காட்டாது. விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு ஒண்ணை எடுத்துக்கிட்டு கடலூர் பஸ்ல ஏறி, கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி தாண்டுற வரைக்கும் மெனுவையும் தேடலையும் தொட்டுப் பாருங்க.

தேடல்னு சொன்னதால இதையும் சேர்த்துக்கறேன். பதிவுப் பட்டியலை போனுக்கே அனுப்பித் தேடற முறைன்னா, தேடல் பெட்டியைத் தொட்ட பிறகு அந்தக் கோப்பு இறங்கினா போதும். அதோட ‘கொ’வை ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாவும் எழுதலாம், பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். பட்டியலையும் வாசகர் அடிச்ச சொல்லையும் என்எஃப்சிக்கு (ரெண்டு விதத்தையும் ஒரே குறியாக்கற யூனிகோட் வடிவம்) மாத்தாம ஒப்பிட்டா ‘கொள்ளிடம்’னு தேடினவருக்கு ஒண்ணுமே வராமப் போகலாம். மாத்தறதுக்கு ஒரு வரி கோடு, வேகத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.