அம்மாவுக்கு கேஎல் (கோலாலம்பூர்) சுற்றிக்காட்டணும், கோயிலும் ஆஸ்பத்திரியும் தவிர

சிப்புட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பேராக்கில் சுங்கை சிப்புட், பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். அம்மாவுக்கு 64 வயது. விடியுமுன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நிரையில் இறங்கி வெயில் ஏறும்வரை பால்மரம் (ரப்பர்) சீவியவர். மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டதும் உதிரிப்பழம் பொறுக்கப் போனார், அப்புறம் லயமும் போய் இப்போது டவுனுக்குப் பக்கத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். வாசலில் கறிவேப்பிலை, ஒரு பூனை, மாலையில் பக்கத்து வீட்டு அக்காவோடு டிவி நாடகம், இப்படித்தான் அவருக்குப் பொழுது போகிறது.

போன மாதம் செய்தியில் மெர்டேக்கா 118 கட்டடத்தைக் காட்டினார்கள். "இது எந்த ஊருடா?" என்றார். கேஎல்தான்மா, 678.9 மீட்டர், உலகத்திலேயே ரெண்டாவது உயரம் என்றேன். உயரத்தையெல்லாம் அவர் காதில் வாங்கவில்லை. "நான் எத்தன தடவ கேஎல் போயிருக்கேன், இதப் பாத்ததே இல்லயே" என்று முகம் சுருங்கிப்போனது.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தைப்பூசத்துக்குப் பத்துமலை பதினேழு தடவை, ராத்திரி பஸ் ஏறி, 272 படி ஏறி இறங்கி, மறுநாள் மத்தியானம் அதே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே திரும்பியது. கல்யாணம் ஆறோ ஏழோ. அப்பாவுக்கு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போனதை நாங்கள் எண்ணவில்லை. அதிலெல்லாம் அவர் பார்த்த கேஎல் என்றால் லிஃப்ட் கதவும், கேண்டீன் மேசையும், கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்தும் இடமும்தான்.

அதனால் ஒரு சனி, ஞாயிறு கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். கையில் 400 வெள்ளி. மூட்டு வலி கொஞ்சம் உண்டு, ஆனால் நடப்பார். ஓடுற படிக்கட்டு என்றால் பயம். பேரங்காடிச் சாப்பாடு இறங்காது. எங்கே போகலாம், சொல்லுங்கள். நானும் வேலைக்காக நாலு தடவை போய் வந்தவன்தான், எனக்கே ஊர் தெரியாது.

துன் சம்பந்தன் சாலை அக்கா:

தம்பி, நானும் சிப்புட்தான். மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவள். கல்யாணம் கட்டி பிரிக்பீல்ட்ஸ் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

காடி (கார்) எடுக்காதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். இடிஎஸ் ரயிலில் ஏறுங்கள், மூன்று மணி நேரம் பக்கம் ஆகும். அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டதால் டிக்கெட் பாதி விலை, ஐசியை (அடையாள அட்டையை) மறக்காமல் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கேஎல் சென்ட்ரலுக்கு முந்தின நிறுத்தம் பழைய கோலாலம்பூர் ஸ்டேஷன், 1910-ல் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மாடமும் கூம்பும் வைத்து அரண்மனை மாதிரி இருக்கும். 2001-ல் சென்ட்ரல் வரும்வரை நாமெல்லாம் பெட்டியும் மூட்டையுமாக இறங்கிய இடம் அதுதான். அம்மா சின்ன வயதில் ரயிலில் வந்திருந்தால் ஞாபகம் வரும், ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.

சென்ட்ரலில் இறங்கி, பக்கத்து பேரங்காடி வழியாகவே வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன். அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே அம்மாவை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். துன் சம்பந்தன் நம்ம சிப்புட்டில் பிறந்தவர் என்று இங்கே கடை வைத்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. உங்க அம்மாவுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பினபோது, வேலை செய்கிறவர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினாரே, அந்தப் பங்குப் பத்திரத்தை எங்க அப்பா கடைசிவரை ஒரு மைலோ டின்னில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். முன்னாடி இந்தச் சாலைக்குப் பெயர் பிரிக்பீல்ட்ஸ் ரோடு. செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயர்.

பத்து மணி வாக்கில் வந்தால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. பூக்கடைக்காரர்கள் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். வடைக் கடையில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் குடியுங்கள். அவசரப்படாதீர்கள். தங்குவதற்கும் இந்தப் பக்கமே சின்ன ஹோட்டல் பாருங்கள், அம்மா களைத்தால் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

செந்தூல் காத்து:

அக்கா சொல்றது சரிதான், ஆனால் பிரிக்பீல்ட்ஸோடு நிறுத்திவிடாதீர்கள். நம்ம ஆட்கள் ஊரிலிருந்து வருகிறவர்களை பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா, பத்துமலை என்று மூன்று இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சேலையும் பலகாரமும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதெல்லாம் கொஞ்சம் பெரிய சிப்புட், அவ்வளவுதான்.

என் யோசனை வேறு. கெலானா ஜெயா எல்ஆர்டி ரயிலில் ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியில் முன்கண்ணாடிக்கு நேரே நின்று பார்க்கலாம். கேஎல் சென்ட்ரலில் ஏறுங்கள், முதல் வண்டியில் பிள்ளைகள் அந்த இடத்தைப் பிடித்திருந்தால் அடுத்ததுக்குக் காத்திருங்கள். அடுத்த நிறுத்தம் பாசார் செனி, பாதை மேலேயே போகும், கீழே கிள்ளான் ஆறு. அதைத் தாண்டினதும் தண்டவாளம் சரிந்து அப்படியே தரைக்குள் இறங்கும், மஸ்ஜிட் ஜாமெக் நிலத்தடியில். அந்த இறக்கத்தை முன்கண்ணாடியில் பார்ப்பதற்கே நான் கல்யாணமான புதிதில் மனைவியை ரெண்டு தடவை கூட்டிப்போனேன். செலவு ரெண்டு மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி வெளியே வாருங்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேருகிற முனையில் பள்ளிவாசல், 1909-ல் கட்டியது. இந்த ஊர் பிறந்த இடமே அதுதான். கோலா என்றால் ஆறு கூடுகிற இடம், லும்பூர் என்றால் சேறு. சுங்கை ஆறு, சிப்புட் நத்தை. நத்தை ஆற்றுக்காரர்கள் சேற்றுக் கூடலைப் பார்க்க வருகிறீர்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

இரட்டைக் கோபுரத்துக்கு மேலே ஏறக் காசு கொடுக்காதீர்கள். பொழுது சாயும்போது பின்பக்கத்துப் பூங்காவில் போய் உட்கார்ந்தால் போதும்.

ரவா தோசை:

கெந்திங் போங்க. குளுகுளுன்னு இருக்கும், கேபிள் கார் இருக்கு.

செந்தூல் காத்து:

கெந்திங் பகாங்கில் இருக்கு பாஸ். அவர் கேட்டது கேஎல்.

பதினாலாவது மாடி:

நான் பஹாவ் பக்கம், கேஎல்லில் வேலை, ஏழு வருஷம் ஆகிறது. இடம் சொல்ல வரவில்லை, ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன வருஷம் எங்க அம்மா ஒரு வாரம் என்னோடு வந்து தங்கினார். நானும் உங்களை மாதிரியே பட்டியல் போட்டேன். முதல் நாள் கேஎல்சிசி (இரட்டைக் கோபுரம் இருக்கிற இடம்), ரெண்டாம் நாள் தேசிய அருங்காட்சியகம், மூன்றாம் நாள் சென்ட்ரல் மார்க்கெட். மூன்று நாளும் ஐம்பது படம் எடுத்தேன், எல்லாப் படத்திலும் அம்மா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் இருப்பது கட்டடமா சுவரா என்று அவருக்குத் தெரிந்திருக்காது, நான் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார்.

நாலாம் நாள் எனக்கு வேலை. சாயங்காலம் வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை, கைப்பேசி மேசை மேல். எனக்கு உயிர் போய்விட்டது. ஓடிப்போய்த் தேடினால், கீழே கார் நிறுத்துமிடத்து வேலியோரம் யாரோ போட்டு வைத்த பப்பாளி மரத்தடியில், பாதுகாவலருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நேப்பாளிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு நேப்பாளி தெரியாது, ரெண்டு பேரும் பாசார் மலாயில் (கடைத்தெரு மலாயில்) பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு எத்தனை பிள்ளை, கடைசியாக எப்போது ஊருக்குப் போனார், மாதம் எவ்வளவு அனுப்புகிறார் என்று எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஏழு வருஷமாக நான் அந்தக் கதவு வழியாகத்தான் போய் வருகிறேன். அவர் திறந்துவிடுவார், நான் தலையசைப்பேன், அவ்வளவுதான் பழக்கம்.

அதிலிருந்து சனிக்கிழமை தாசேக் பெர்டானா பூங்காவுக்குப் போனாலும் நான் காதில் பாட்டு மாட்டுவதில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பேசினால் பேசலாமே என்று. இதுவரை ரெண்டு பேர்தான் பேசினார்கள், அதில் ஒருத்தர் காப்புறுதி விற்கிறவர்.

அதனால் உங்கள் பட்டியலில் பாதியைக் கிழித்துப் போடுங்கள். அம்மா எங்கே உட்காருகிறாரோ அங்கே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

சிப்புட்டான்:

போய் வந்துவிட்டோம், எல்லாருக்கும் நன்றி. விட்டு விட்டு எழுதுகிறேன், கடையில் ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ரயிலில் ஈப்போ தாண்டும்வரை அம்மா ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. எங்கே செம்பனை தெரிந்தாலும் "களை எடுக்கல, பாரு" என்று விமர்சனம். பழைய ஸ்டேஷன் வந்தபோது பிளாட்பாரத்து வளைவுகளைப் பார்த்துவிட்டு, தாத்தாவோடு ஒரு தடவை இங்கே இறங்கியதாகவும், தாத்தா இட்லிப் பொட்டலத்தை வண்டியிலேயே மறந்துவிட்டதாகவும் சொன்னார். இந்தக் கதையை நான் இதுவரை கேட்டதே இல்லை.

பெயர்ப் பலகைக்குக் கீழே படம் எடுத்தோம். அதற்குப் பிறகு சாலையைக் கடப்பதுதான் பெரிய பாடு. வண்டிகளைப் பார்த்து அம்மா நடைபாதையில் ஊன்றி நின்றுவிட்டார். எங்களுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோலோடு பார்வையற்ற ஒருவர் வந்து நின்றார். அந்த வட்டாரத்தில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் நிறையப் பேர் நடமாடுகிறார்கள். அவருக்கு உதவலாம் என்று நான் கை நீட்டுவதற்குள், "இப்ப நின்னுடுச்சு, வாங்கம்மா" என்று அவர் இறங்கி நடக்க, அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்விட்டார். நான்தான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வடைக் கடையில் அரை மணி நேரத்துக்கு மேல். வெற்றிலை எடுத்தால் சுண்ணாம்பு இல்லை, பக்கத்து மேசை அம்மா ஒருவர் கொடுத்தார், அப்புறம் மூட்டு வலித் தைலத்திலிருந்து மருமகள்வரை பேச்சு. பதினாலாவது மாடி அண்ணே, உங்களை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஆனால் பதினொன்றரை ஆனதும் பொறுக்கவில்லை, கிளப்பிவிட்டேன்.

எல்ஆர்டி முன்கண்ணாடி: அம்மாவுக்கு அதுதான் கேஎல். வண்டி சரிந்து இறங்கியபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "தரைக்குள்ள போகுதுடா!" என்று சத்தமாகச் சொன்னார், பெட்டியே திரும்பிப் பார்த்தது. கோம்பாக் வரை போய் மறுபடி வந்தோம். மஸ்ஜிட் ஜாமெக்கில் லிஃப்டுக்கு நீண்ட வரிசை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏணி போட்டு மரம் சீவினவ, இதுக்குப் போயி பயந்துகிட்டு" என்று ஓடுற படிக்கட்டுக்கு நேரே போனார். கயிறு சுற்றும்போது உள்ளே குதிக்க நேரம் பார்க்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு படியாக விட்டு விட்டு, ஆறாவதோ ஏழாவதோ படியில் இடது காலை வைத்துவிட்டார். மேலே போய்ச் சேரும்வரை மூச்சே விடவில்லை.

மஸ்ஜிட் இந்தியா பக்கம் போக முதலில் மறுத்தார், 2024-ல் நிலம் உள்வாங்கி ஒரு பெண்மணி காணாமல் போன தெருவாயிற்றே. அப்புறம் அவரே போகலாம் என்றார். ஒன்றும் வாங்கவில்லை. ஒரு இடத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஹோட்டலில் காசு கொடுத்துத் தூங்குவது அவருக்கு ஒப்பவில்லை. காலையில் நான் எழுந்தபோது போர்வையெல்லாம் மடித்து, குளியலறைத் தரையைத் துடைத்து வைத்திருந்தார். மெர்டேக்கா 118-ஐத் தூரத்திலிருந்து காட்டினேன். "டிவியிலதான் நல்லாருக்கு" என்றார். செலவு 340 வெள்ளி.

துன் சம்பந்தன் சாலை அக்கா:

தம்பி, ஊதாச் சேலையா? சனிக்கிழமையா? சிப்புட் என்று சொன்னதுமே எனக்குச் சந்தேகம், எந்தத் தோட்டம் என்று கேட்பதற்குள் "வாம்மா நேரமாச்சு" என்று நீங்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். என் சுண்ணாம்பு டப்பா உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, மூடியில் மயில் போட்டிருக்கும், பாருங்கள்.

சிப்புட்டான்:

ஐயையோ. இருக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து டிவிக்குப் பக்கத்தில் இருக்கு, ஹோட்டலில் கொடுத்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.