நேரோபோட் ஜன்னல்: இரண்டாம் அடுக்குக்குள் நீர் கோக்கிறது, வழி சொல்லுங்கள்

இங்கிலாந்துக் கால்வாய்களில் குளிர்காலத்தையும் படகிலேயே கழிப்பவர்களிடம் ஒரு உதவி.

57 அடி நேரோபோட், அதாவது கால்வாய்க்கென்று ஒடுக்கமாகக் கட்டிய இரும்புப் படகு. ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். உள்பக்கம் குளிரைத் தடுக்க இரண்டாம் அடுக்காக 3 மி.மீ. அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகடு, அதன் நான்கு ஓரத்திலும் காந்தப் பட்டை, எதிரே மரச்சட்டத்தில் இரும்புப் பட்டை. இடைவெளி 20 மி.மீ. அவசரத்தில் வெளியேற வேண்டிய ஜன்னல் என்பதால் திருகு போடவில்லை. இழுத்தால் கையோடு வந்துவிடும்.

குளிர் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் விடியற்காலையில் வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில், அடிப்பகுதியில் மட்டும், 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கோத்து நிற்கிறது. வழிந்து மரச்சட்டத்தை ஊறவைக்கிறது. பட்டைகள் சேரும் மூலைகளில் அறையின் ஈரக்காற்று புகுகிறது என்று நினைக்கிறேன். மூலைகளை 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தால் போதுமா, பின்னால் நுரைப் பட்டையும் ஒட்ட வேண்டுமா? இடைவெளிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்தவர்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை காயவைக்கிறீர்கள்?

அடுப்புப் பக்க ஜன்னலில் வேறு தொல்லை. வெப்பம் 30 டிகிரி ஏறினால் அக்ரிலிக் மீட்டருக்கு ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். தகடு வயிறு தள்ளி, ஒரு பக்கம் காந்தம் விடுகிறது. பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக் சூடு தாங்கும், ஆனால் அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு விரியும், சீக்கிரம் கீறலும் விழும். 4 மி.மீ. அக்ரிலிக் போட்டவர்களுக்கு வளைவு நின்றதா? கூடும் எடையைக் காந்தம் தாங்குகிறதா?

காற்றுத் துளைகளை அடைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். விறகடுப்பு எரியும் படகில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.